முந்தின இரவே எடுத்து வைத்தது

பள்ளியிலிருந்து திரும்பி வரும் சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் வாங்கியதுமே ஒரு தாய்க்குத் தெரிந்துவிடும். திறந்து பார்க்க வேண்டாம், கனமே சொல்லிவிடும். 2012 ஏப்ரலில் ஒரு பிற்பகல், என் மகள் நீட்டிய பெட்டி காலையில் நான் கொடுத்தனுப்பிய அதே கனத்தோடு என் கைக்கு வந்தது.

நாங்கள் அப்போது ஜப்பானில் ட்சுகுபாவில் இருந்தோம். டோக்கியோவுக்கு வடகிழக்கே, ஆராய்ச்சி நிலையங்களுக்காகவே திட்டமிட்டு எழுப்பிய ஊர். கணவர் அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த ஆய்வாளர். அவருடைய உதவித்தொகை ஒன்றுதான் வருமானம். மகளுக்கு மூன்று வயது முடிந்ததும் யோச்சியென் எனப்படும் மழலையர் பள்ளியில் சேர்த்தோம். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து மதிய உணவு கொண்டுவர வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் ஒரு வரியை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். ‘முழுவதையும் சாப்பிட்டு முடித்தேன்’ என்ற மகிழ்ச்சி குழந்தைக்குக் கிடைக்க வேண்டும். ஆகவே அவளால் முடிகிற அளவு மட்டும் வையுங்கள் என்று எழுதியிருந்தது.

முதல் நாள் நான் எலுமிச்சை சாதம் செய்தேன். டோக்கியோவிலிருந்து தபாலில் வரவழைத்த பொன்னியரிசி. கூடவே உருளைக்கிழங்குப் பொடிமாஸ். எனக்குத் தெரிந்த சாப்பாட்டில் குழந்தைக்கு மிகவும் பிடித்தது அது. மதியத்துக்குள் சோறு ஆறி விறைத்துப்போய்விட்டது. “கல்லு மாதிரி இருந்துச்சும்மா, கரண்டியில நிக்கவே இல்ல” என்றாள். மேசையில் சிந்திய பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியிலேயே திரும்பப் போட்டிருக்கிறாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் பிறகுதான் விளங்கியது. பென்டோ என்ற பெட்டிச் சாப்பாடு ஆறிப்போய்ச் சாப்பிடுவதற்கென்றே உருவான உணவு. மகளின் பள்ளியில் அதை யாரும் சூடாக்கித் தருவதில்லை. நம்முடைய அரிசியில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து கூடுதல். சூடாக இருக்கும்போது உதிரி உதிரியாக அழகாக இருக்கும், ஆறினால் இறுகிவிடும். ஜப்பானின் குட்டை அரிசியில் அது குறைவு. ஆறிய பிறகும் மெத்தென்று இருக்கும், ஒட்டிக்கொண்டு குச்சியில் ஏறும். ஒரு நாட்டு மதியச் சாப்பாட்டின் வடிவத்தையே அந்த நாட்டு அரிசிதான் தீர்மானிக்கிறது.

விவரம் புரியும்வரை பணத்தால் சமாளிக்கப் பார்த்தேன். பென்டோவுக்கென்றே உறைநிலையில் விற்கும் குட்டிக் குட்டிப் பலகாரங்கள் கடையில் இருந்தன. ஆறு துண்டு உள்ள ஒரு பொட்டலம் 200 யென்னுக்கு மேல். மூன்று வகை வாங்கினால் 600 யென் போய்விடும். கணவருக்கும் வெளியில் சாப்பாடு. ஒற்றை 500 யென் நாணயத்துக்குக் கிடைப்பதுதான் அப்போது அங்கே மலிவான மதியச் சாப்பாடு. அப்படிச் சாப்பிட்டாலும் மாதத்துக்கு இருபது நாளில் 10,000 யென். மே மாதக் கணக்கை எழுதிக் கூட்டியபோது, மதிய உணவு ஒன்றுக்கே எங்களால் தாங்க முடியாத தொகை வந்தது.

எங்கள் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் தனியாக வாழ்ந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். 1932இல் பிறந்தவர். என் மகள் அவரை ‘ஒபாச்சான்’, பாட்டி என்று கூப்பிடுவாள். நானும் மனசுக்குள் பாட்டி என்றே வைத்திருந்தேன். அவர் என்னை ‘ஒகாசான்’ என்பார்; ‘அம்மா’ என்று பொருள். குழந்தையின் உறவைக் கொண்டு பெரியவர்களை அழைப்பது அங்கே வழக்கம். ஒருநாள் குப்பை போடும் இடத்தில், உறைபலகாரங்களின் காலிப் பொட்டலங்கள் என் பையில் நிறைந்திருப்பதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை ஐந்து மணிக்கு வந்து கதவைத் தட்டினார்.

“காலையில் எத்தனை மணிக்கு எழுந்து பென்டோ செய்கிறீர்கள்?” என்று கேட்டார். ஐந்து மணி என்றேன். “பென்டோவைக் காலையில் செய்யக்கூடாது, அம்மா. இப்போது செய்ய வேண்டும். இந்த நேரத்தில்” என்றார்.

அடுப்பில் இரவுச் சாப்பாட்டுக்குப் பரங்கிக்காய் வெந்துகொண்டிருந்தது. நாங்கள் இன்னும் தட்டு வைக்கவில்லை. பாட்டி ஒரு சின்னக் கிண்ணம் கேட்டார். சட்டியிலிருந்து நல்ல துண்டுகளாக மூன்றை எடுத்து அதில் வைத்து மூடினார். “எல்லோரும் சாப்பிட்டு மீந்தது என்றால் அது மீதம். சாப்பிட உட்காருமுன் எடுத்து வைத்தால் அது குழந்தையின் பங்கு. செலவு இரண்டுக்கும் ஒன்றுதான்.”

அங்கே இருந்த நாலு வருடத்தில் நான் கற்ற பென்டோ முழுவதும் இந்த ஒரு வார்த்தையிலிருந்து கிளைத்தது. பென்டோவுக்கென்று தனியாக ஒரு சாமான் வாங்குவதை நிறுத்தினேன். இரவுச் சமையலில் காரம், புளிப்பு, சாறு சேர்க்குமுன் ஒரு கரண்டி தனியே எடுப்பேன். கோழிக் குழம்பு என்றால் மசாலாவில் போடுமுன் இரண்டு துண்டை உப்பும் இஞ்சியும் போட்டு வதக்கி வைப்பேன். மீன் வறுத்தால் நடுத்துண்டில் ஒரு சிறு பங்கு. இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் இருக்கும். காலையில் ஆவி பறக்கச் சூடாக்கி, ஆறவிட்டுப் பெட்டியில் வைப்பேன். ஐந்து மணிக்கு எழுந்தவள் ஆறே காலுக்கு எழ ஆரம்பித்தேன்.

பெட்டியை நிரப்பவும் ஒரு கணக்கு சொல்லிக்கொடுத்தார். பெட்டியை ஆறு பங்காக நினைத்துக்கொள். மூன்று பங்கு சோறு. ஒரு பங்கு மீன், முட்டை, இறைச்சி, டோஃபு இவற்றில் ஏதாவது. இரண்டு பங்கு காய். இப்படி இடைவெளி இல்லாமல் அடைத்தால், பெட்டியின் கொள்ளளவு எத்தனை மில்லிலிட்டரோ ஏறத்தாழ அத்தனை கலோரி. மகளுடைய பெட்டி 300 மில்லிலிட்டர், கணவருடையது 800. விலை கூடிய சாமான் ஆறில் ஒரு பங்குதான் என்பதே சிக்கனத்தின் முதல் பாதி. பிறகு நிறம்: வெள்ளை, சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு. ஐந்தும் இருந்தால் சத்தும் தானாக வந்து சேரும் என்பது அங்கத்திய தாய்மாரின் நம்பிக்கை. கறுப்புக்கு எள்ளோ நோரி என்ற கடற்பாசித் தாளோ போதும்.

இடைவெளி விடக்கூடாது என்பதில் பாட்டி மிகக் கண்டிப்பு. குழந்தை ஓடுவாள், பெட்டி குலுங்கும், எல்லாம் ஒரு மூலையில் போய்ச் சேரும். சந்துக்கு அங்கே ‘சுகிமா’ என்று பெயர். அதை அடைக்கவென்றே வைக்கும் பதார்த்தத்துக்கு ‘சுகிமா ஒகாசு’. குட்டித் தக்காளி, ஒரு பூ ப்ரோக்கலி, அவித்த சோயா மொச்சை நாலு. முதலில் சோறு, அடுத்து பெரிய துண்டு, பிறகு சின்னது, கடைசியில் சந்து. நம் ஊரில் கொத்தனார் கருங்கல் சுவர் எழுப்பும்போது இண்டு இடுக்கில் சில்லு வைத்து இறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். அதே வேலைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாரத்துக்கான துணைப் பதார்த்தங்கள். செலவு குறைந்ததும் ருசி கூடியதும் இவைதாம். கேரட்டையும் முள்ளங்கியையும் சீவும்போது வரும் தோலைப் பாட்டி எறியவே விடமாட்டார். அதைத் தீக்குச்சி போல் நறுக்கி, நல்லெண்ணெயில் வதக்கி, சோயா சாஸும் மிரின் என்ற இனிப்புச் சமையல் மதுவும் துளி சர்க்கரையும் சேர்த்துச் சாறு சுண்டும்வரை கிளறி, எள் தூவினால் கின்பிரா. முள்ளங்கியின் கீரையைப் பொடியாக அரிந்து வதக்கினால் சோற்றின் மேல் தூவலாம். கிரிபோஷி தைகோன் என்று ஒன்று உண்டு: முள்ளங்கியை நூல் நூலாகச் சீவி வெயிலில் காயவைத்த வற்றல். தெற்கே மியாசாகி பக்கத்திலிருந்து மிகுதியாக வருகிறது. ஒரு கைப்பிடியை ஊறவைத்தால் பல மடங்கு உப்பும். கேரட்டோடும் வறுத்த டோஃபுத் துண்டோடும் சுண்டவைத்தால் நாலு நாளைக்கு வரும். சுண்டைக்காய் வற்றலும் மணத்தக்காளி வற்றலும் தின்று வளர்ந்தவளுக்கு அந்த வாசனை முதல் நாளே சொந்தமாகிவிட்டது.

இவற்றைச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் பிரித்து உறையவைப்பேன். கிண்ணங்கள், பெட்டி, கட்டும் துணி எல்லாம் 100 யென் கடையில் வாங்கியவை. கின்பிராவும் ஹிஜிகி என்ற கடற்பாசியும் எள் பிசறிய கீரையும் உறைந்தாலும் குணம் மாறாது. உருளைக்கிழங்கு உறையவைத்தால் சக்கையாகிவிடும். மலிவானதெல்லாம் பென்டோவுக்கு ஆகிவிடாது என்பதையும் கற்றேன். அப்போது ஒரு பொட்டலம் 30 யென்னுக்குக் கிடைத்த மோயாஷி முளைப்பயறு இரவுச் சாப்பாட்டுக்கு அருமை. பெட்டிக்குள் வைத்தால் மதியத்துக்குள் தண்ணீர் விட்டுவிடும்.

முட்டைச் சுருள் மட்டும் காலையில்தான். தமகோயாகி. இரண்டு முட்டை, ஒரு கரண்டி தாஷிச் சாறு, அரைக் கரண்டி சர்க்கரை, துளி சோயா. நீள்சதுரச் சட்டியில் மூன்றில் ஒரு பங்கை ஊற்றி, மேல்பரப்பு இறுகுமுன் சுருட்டி ஒரு பக்கம் தள்ளி, மறுபடி எண்ணெய் தடவி அடுத்த பங்கை ஊற்றி, சுருளைத் தூக்கி அடியிலும் ஓடவிட்டு, அதையும் சேர்த்துச் சுருட்ட வேண்டும். வீட்டில் உடனே சாப்பிட என்றால் உள்ளே ஈரமாக இருக்கலாம். பென்டோவுக்கு முழுக்க வேக வேண்டும். எனக்கு நேராகச் சுருள வர இரண்டு மாதம் ஆயிற்று. முட்டையை அங்கே விலைவாசியின் நல்ல மாணவன் என்பார்கள். மற்றதெல்லாம் ஏறினாலும் அது பல்லாண்டுகளாக அதிகம் ஏறாமலே இருந்ததால் அந்தப் பெயர். அப்போது பத்து முட்டை 200 யென்.

தாஷி எடுத்த பிறகு மிஞ்சும் கட்சுவோபுஷிச் சீவலைக்கூட வீணாக்குவதில்லை. சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டிக் கட்டைபோலக் காயவைப்பது கட்சுவோபுஷி. முதன்முதல் முகர்ந்தபோது எனக்குத் தூத்துக்குடி வீட்டு அஞ்சறைப் பெட்டியே நினைவுக்கு வந்தது. நம் மாசிக்கருவாடும் அதே சூரையில் செய்வதுதானே! சாறு எடுத்த சீவலைப் பிழிந்து, வெறும் சட்டியில் ஈரம் போக வறுத்து, சோயாவும் சர்க்கரையும் எள்ளும் போட்டால் சோற்றின் மேல் தூவ ஒரு வாரத்துக்குப் பொடி தயார். அம்மா மாசி இடித்துச் சம்பல் செய்வதை நான் விவரித்தபோது, பாட்டி இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

ஜூன் மாதம் மழைக்காலம் பிறந்தது. ஒருநாள் அவசரத்தில் சோற்றின் சூடு அடங்குமுன் மூடிவிட்டேன். மூடியின் உட்புறம் வியர்த்து, நீர் சொட்டி, மதியத்துக்குள் காய் நூல்விட்டிருந்தது. மகள் முகர்ந்து பார்த்துச் சாப்பிடாமல் வைத்துவிட்டாள். அன்று நான் பயந்த பயம் இன்னும் நினைவிருக்கிறது. அதிலிருந்து பாட்டி சொன்ன ஒழுங்கில் ஒன்றையும் விட்டதில்லை: பெட்டியை வினிகர் தொட்ட துணியால் துடை. சோற்றை வைத்துத் திறந்தபடியே ஆறவிடு, விசிறினாலும் சரி. அவித்த காயை நன்றாகப் பிழி. அதன் அடியில் இடித்த எள்ளோ கட்சுவோபுஷியோ ஒரு சிட்டிகை போடு, ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். தக்காளியின் காம்பைக் கிள்ளிவிட்டுக் கழுவித் துடைத்து வை. கையால் தொடாதே. சோற்றின் மேல் ஓர் உமெபோஷி வை. உப்பில் ஊறிக் காய்ந்த அந்தப் புளிப்புக் கனி, தன்னைச் சுற்றியுள்ள சோற்றைக் கெடாமல் காக்கும்.

உமெபோஷியைப் பற்றிப் பேசும்போதுதான் பாட்டி தம் கதையைச் சொன்னார். அவர் பிறந்தது பக்கத்து தொச்சிகி மாகாணத்தில். அங்கே உட்சுனோமியா ரயில் நிலையத்தில் 1885இல் விற்றதுதான் ஜப்பானின் முதல் ரயில் பென்டோ என்பார்கள். உமெபோஷி வைத்த இரண்டு ஒனிகிரிச் சோற்றுருண்டை, கொஞ்சம் முள்ளங்கி ஊறுகாய். மூங்கில் மடலில் கட்டியது. “எங்கள் ஊர் பென்டோ அது” என்று பெருமையாகச் சொல்வார். அவருக்கு ஏழு வயதாகும்போது, 1939 செப்டம்பரில், ஒவ்வொரு மாதமும் முதல் தேதியைச் சிக்கன நாளாக அரசு அறிவித்தது. அன்று வெள்ளைச் சோற்றின் நடுவே சிவப்பாக ஓர் உமெபோஷி மட்டும். பார்க்க அந்த நாட்டுக் கொடியைப் போலவே இருப்பதால் ‘ஹினோமாரு பென்டோ’. போர் முற்ற முற்ற அந்த வெள்ளைச் சோறும் போயிற்று. சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு நடுவே பருக்கையைத் தேட வேண்டியிருந்தது. “அலுமினியப் பெட்டி. நாள்தோறும் உமெபோஷி பட்டுப் பட்டு மூடியில் ஓட்டையே விழுந்துவிட்டது. அந்த மூடியை நிமிர்த்தி வைத்து மறைத்துக்கொண்டுதான் சாப்பிடுவோம். கிழங்குகூடக் கொண்டுவராதவள் ஒருத்தி பக்கத்தில் இருப்பாளே, அவள் பார்க்கக்கூடாது.”

அதற்குமேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு கேரட் தோலைக்கூட அவர் ஏன் எறிய விடுவதில்லை என்பது அன்று எனக்குப் புரிந்தது.

கணக்கு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு நாள் பக்கத்தை அப்படியே சொல்கிறேன். மகளுடைய பெட்டி: சோறு 18 யென், ஒரு முட்டையில் பாதி 10, சிகுவா என்ற மீன் குழலில் பாதியும் அதற்குள் செருகிய வெள்ளரித் துண்டும் 14, ப்ரோக்கலி 12, தோல் கின்பிராவுக்கு எண்ணெயும் சோயாவுமாக 5. மொத்தம் 59 யென். கணவருடையது 150க்கு மேல் போனதில்லை. 500 யென் நாணயத்தோடு வைத்துப் பார்த்தால் அவருடைய பெட்டி ஒன்றில் மட்டும் மாதம் 7,000 யென் மிச்சம். மாலை ஏழரைக்கு மேல் கடையில் பாதி விலைச் சீட்டு ஒட்டும்போது போய் சால்மன் துண்டு வாங்குவேன். ஒரு துண்டை மூன்றாக வெட்டி உப்புத் தடவி உறையவைத்தால் மூன்று நாளைக்கு ஒரு பங்கு. 2014 ஏப்ரலில் விற்பனை வரி 5 சதவிகிதத்திலிருந்து 8 ஆனபோதும் எங்கள் மதியச் சாப்பாடு ஆட்டம் காணவில்லை.

மகள் தின்னத் தொடங்கியதும் என் சமையலும் மெல்லப் பெட்டிக்குள் நுழைந்தது. மஞ்சள் போட்ட உருளைக்கிழங்கு வறுவல் அந்த ஐந்து நிறத்தில் மஞ்சளாக அமர்ந்தது. பீன்ஸில் கடுகு தாளித்து, தேங்காய்க்குப் பதில் வறுத்த எள்ளைப் பொடித்துத் தூவினேன். வகுப்பில் பக்கத்துக் குழந்தைகள் அந்த மஞ்சள் கிழங்கைக் கேட்டார்களாம். அன்றிலிருந்து பெட்டி லேசாகத் திரும்பி வந்தது. உள்ளே கரண்டியும் குட்டிக் குச்சியும் மட்டும் கிடந்து கலகலவென்று சத்தம் போடும். வாசலில் அந்தச் சத்தம் கேட்டால் அன்றைக்கு எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

2013 இலையுதிர்காலத்தில் என் அம்மா தூத்துக்குடியிலிருந்து வந்து மூன்று மாதம் இருந்தார். வந்த மூன்றாம் நாள் இரவு, நான் தட்டு வைக்குமுன் கூட்டில் ஒரு கரண்டியைக் கிண்ணத்தில் எடுத்து மூடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஏட்டி, இது நம்ம பிடியரிசில்லா?” என்றார்.

எனக்கு அடுப்பங்கரையிலேயே கண் நிறைந்துவிட்டது. எங்கள் வீட்டில் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவார் அம்மா. அந்தப் பிடியால் அன்றைய சோறு குறைந்ததாக யாருக்கும் தெரியாது. ஆனால் மாதக் கடைசியில் கையில் காசில்லாதபோதோ வாசலில் யாராவது பசியோடு வந்து நின்றாலோ அந்தப் பானைதான் திறக்கும். நான் சின்ன வயசில் நாள்தோறும் பார்த்ததைத்தான் பாட்டி வேறு மொழியில் எனக்குத் திரும்பச் சொல்லியிருக்கிறார். பாட்டியிடம் பிடியரிசியைப் பற்றி மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் அம்மாவின் வலது கையைப் பிடித்து, விரல்களை மடக்கி, “இவ்வளவா?” என்று கேட்டார். அம்மா தலையாட்டினார். அந்த மூடிய கையை இருவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2015இல் மகள் தொடக்கப் பள்ளிக்குப் போனாள். அங்கே பள்ளியிலேயே எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே உணவு. 1954இலேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. இனி மூடியை நிமிர்த்தி மறைக்க எந்தக் குழந்தைக்கும் தேவையில்லை என்று பாட்டி மகிழ்ந்தார். பென்டோ சுற்றுலாவுக்கும் விளையாட்டு விழாவுக்கும் மட்டும் என்றாயிற்று. மறு ஆண்டு நாங்கள் சென்னைக்குத் திரும்பினோம்.

2025இல் ஜப்பானில் ஐந்து கிலோ அரிசி 4,000 யென்னைத் தாண்டிவிட்டது என்று செய்தி படித்தேன். நாங்கள் வாங்கியபோது ஏறக்குறைய 2,000. பழைய நோட்டை எடுத்து அந்த 18 யென் சோற்றை அடித்து 36 என்று எழுதிப் பார்த்தேன். அப்போதும் பெட்டி 80 யென்னைத் தாண்டவில்லை. ஆனால் அப்பாவும் மூன்று பிள்ளைகளும் உள்ள வீட்டில் அந்த இரட்டிப்பு எப்படிக் கனக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கோ ஒரு தாய் கேரட் தோலை இப்போது எறியாமல் வைத்திருப்பாள்.

மகள் இப்போது மேல்நிலை வகுப்பில் படிக்கிறாள். அவளுடைய மதியச் சாப்பாட்டை அவளே கட்டிக்கொள்கிறாள். நேற்று இரவு கத்தரிக்காய்ப் பொரியல். எல்லோரும் தட்டு முன் உட்கார்ந்துவிட்டோம். “ஒரு நிமிஷம்” என்று எழுந்து போனாள். அடுப்படியில் கிண்ணம் மூடும் சத்தம் கேட்டது. பிறகு வந்து உட்கார்ந்தாள். நான் பரிமாற ஆரம்பித்தேன்.